30 டாலர் பாட்டும் அதற்கு அப்புறமும்: ஷோலோம் செகுண்டாவின் வாழ்வும் ஒலிப்பதிவுகளும்

நியூயார்க்கின் யூத நாடக மேடைக்கு இசையமைத்த ஷோலோம் செகுண்டாவைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாம் வரியிலேயே ஒரு தொகை வந்துவிடுகிறது. 1937ஆம் ஆண்டில் அவர் ‘பை மிர் பிஸ்து ஷெய்ன்’ என்ற தம்முடைய யித்திஷ் மொழிப் பாட்டின் உரிமையை 30 டாலருக்கு விற்றார். அடுத்த சில மாதங்களில் அந்தப் பாட்டு அமெரிக்கா முழுவதும் ஒலித்தது. காலப்போக்கில் அது ஈட்டிய பணம் 30 லட்சம் டாலரைத் தொட்டதாகக் கணக்கிடப்படுகிறது. இந்தச் செய்தியில் பொய் ஏதும் இல்லை. ஆனால் சிறு வயதில் தொழுகைக்கூடத்தில் பாடத் தொடங்கி, எண்பதை நெருங்கும்வரை இசையை விடாமல் பற்றியிருந்த ஒருவரை, ஏமாந்துபோனவர் என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கத்தை அது வளர்த்துவிட்டது. செகுண்டா இன்று நமக்கு ஒலிப்பதிவுகள் வழியாகத்தான் கிடைக்கிறார். அவையோ அவரை ஒரே மாதிரியாகக் காட்டுவதில்லை. சிலவற்றில் மெட்டு மட்டுமே அவருடையது. சிலவற்றில் மெட்டும்கூட மாறியிருக்கிறது. வேறு சிலவற்றில் அவரே முன்னின்று பாடகர் குழுவையும் வாத்தியக் குழுவையும் நடத்துகிறார். எது எந்த வகை என்று பிரித்துக் கேட்டால்தான் அவர் எப்படிப்பட்ட இசையமைப்பாளர் என்பது விளங்கும் என்பது என் கருத்து. அதற்கு அவருடைய வாழ்க்கையோடு, அவர் பிழைத்த தொழிலின் நடைமுறையையும் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

செகுண்டா 1894இல், அன்றைய ரஷ்யப் பேரரசின் கெர்சோன் மாநிலத்தைச் சேர்ந்த அலெக்ஸாந்திரியா என்ற ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது உக்ரைனில் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி யித்திஷ். ஜெர்மானிய மொழிக் குடும்பத்தில் பிறந்து, எபிரேய எழுத்தில் எழுதப்படுவது. தொழுகைக்கூடத்திலோ வழிபாட்டு மொழி எபிரேயம். அங்கே வழிபாட்டை முன்னின்று பாடி நடத்துபவருக்குக் கஸான் என்று பெயர். நல்ல குரல் வாய்த்த சிறுவர்கள் கஸானுக்குப் பின்பாட்டுப் பாடும் குழுவில் சேர்ந்து, தேர்ந்தபின் தனித்தும் பாடுவது அந்தச் சமூகத்தின் வழக்கம். செகுண்டா அப்படிப் பாடிப் பேர்பெற்ற சிறுவர். 1907ஆம் ஆண்டையொட்டிக் குடும்பம் நியூயார்க்குக்குக் குடியேறியது. 1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் கலவரத்துக்கும் வறுமைக்கும் தப்பி அமெரிக்காவுக்கு வந்தார்கள். அந்த வெள்ளத்தில் வந்த குடும்பங்களுள் இதுவும் ஒன்று. நியூயார்க்கிலும் அவருடைய பால்யக் குரலுக்கு வரவேற்பு இருந்தது. இளம் கஸான்களின் இளவரசர் என்ற பட்டமும் கிடைத்தது. ஆனால் பால்யக் குரலை மூலதனமாகக் கொண்ட தொழிலுக்கு ஆயுள் சில ஆண்டுகள்தான். குரல் உடைந்தது, பிழைப்புக்கு வேறு வழி வேண்டியிருந்தது.

அந்த வழி யித்திஷ் நாடக மேடை. நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியிலும், பிறகு செகண்ட் அவென்யூ நெடுகிலும், புரூக்ளினிலும் யித்திஷ் நாடக அரங்குகள் நிறைந்திருந்தன. பகலெல்லாம் தையல் கூடங்களில் உழைத்த மக்கள் வாரக்கடைசியில் குடும்பத்தோடு அங்கே வந்து சிரித்து, அழுது, கேட்ட பாட்டை முணுமுணுத்தபடி வீடு திரும்பினார்கள். செகுண்டா முதலில் பின்பாட்டுக் குழுவில் சேர்ந்தார். பாடிக்கொண்டே பாட்டு எழுதத் தொடங்கி, இருபது வயதையொட்டி, மூத்த பாடலாசிரியரான சாலமன் ஷ்முலெவிட்ஸுடன் சேர்ந்து ‘யோஷெர்’ என்ற முழு நாடகத்துக்கும் இசை அமைத்தார். கூடவே, பின்னாளில் ஜூலியார்ட் இசைப்பள்ளியாக வளர்ந்த இசைக்கலை நிறுவனத்தில் சேர்ந்து முறையாகப் படித்தார். எர்னஸ்ட் பிளாக் என்ற இசையமைப்பாளரிடமும் சில காலம் பயின்றார். மேடையில் கூடவே உழைத்த பலருக்கு இல்லாத கல்வி இது. அவருடைய பெருமிதத்துக்கும், பிற்காலத்தில் அவர் எடுத்த சில முடிவுகளுக்கும் இந்தக் கல்வியே காரணமாக இருந்தது.

அந்த முடிவுகளில் ஒன்று இன்றளவும் பேசப்படுகிறது. யித்திஷ் மேடையின் பெரும் நட்சத்திரமும் அரங்க முதலாளியுமான போரிஸ் தோமஷெஃப்ஸ்கி, தம் அரங்குக்குப் பாட்டு எழுத இரண்டு இளைஞர்களைச் சேர்த்துவைக்க நினைத்தாராம். ஒருவர் செகுண்டா. மற்றவர் அவரைவிட நான்கு வயது இளையவரான ஜார்ஜ் கெர்ஷ்வின். முறையாக இசை படிக்காத பையனோடு சேர்ந்து வேலைசெய்ய முடியாது என்று செகுண்டா மறுத்துவிட்டதாகச் சொல்வார்கள். கெர்ஷ்வின் யித்திஷ் மேடைக்கு வராமல் நியூயார்க்கின் ஆங்கில நாடக உலகமான பிராட்வேக்குப் போனார். அமெரிக்க இசையின் பெரும் பெயர்களில் ஒருவரானார். இதை அகந்தை என்று சொல்லிவிடுவது எளிது. ஒரு பக்கம் தொழுகைக்கூட மரபிலும் மறுபக்கம் ஐரோப்பிய இசையிலக்கணத்திலும் பயின்ற ஒருவருக்கு, காதால் கேட்டு வாசிக்கும் திறமை மட்டும் போதுமானதாகத் தோன்றாததில் வியப்பில்லை என்றே எனக்குப் படுகிறது.

யித்திஷ் மேடையில் இசையமைப்பாளர் வேலை என்பது இன்று நாம் நினைப்பதுபோல மெட்டுப் போட்டுக் கொடுத்துவிட்டு விலகுவது அல்ல. பருவம் இலையுதிர்காலத்தில், யூதப் புத்தாண்டை ஒட்டித் தொடங்கி வசந்தகாலத்துப் பாஸ்கா பண்டிகை வரை நடக்கும். அரங்குக்கு ஒரு புது இசை நாடகமாவது வேண்டும்; எடுபடாவிட்டால் உடனே அடுத்தது வேண்டும். பாட்டுகளுக்கு மெட்டுப் போடுவது, வாத்தியங்களுக்குப் பிரித்து எழுதுவது, பின்பாட்டுக் குழுவைப் பழக்குவது, இரவுதோறும் மேடைக்கு முன்னால் நின்று வாத்தியக் குழுவை நடத்துவது எல்லாம் அந்த ஒருவர் தலையில்தான். நடிகருக்கு ஏற்ப மெட்டு மாறும். கைதட்டலைப் பொறுத்துப் பாட்டு நீளும் அல்லது வெட்டுப்படும். யோசெஃப் ரும்ஷின்ஸ்கி, அலெக்ஸாண்டர் ஓல்ஷனெட்ஸ்கி, ஆபிரகாம் எல்ஸ்டீன், செகுண்டா ஆகிய நால்வரும் இந்த வேலையில் முதல்வரிசைக்காரர்களாக மதிக்கப்படுகிறார்கள். இவர்களில் எல்ஸ்டீன் மட்டும் நியூயார்க்கிலேயே பிறந்தவர். மற்ற மூவரும் குடியேறிகள். 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் புதிய வரவை ஏறத்தாழ நிறுத்தியது. யித்திஷ் பேசும் புதுப் பார்வையாளர்கள் வருவது நின்றது. ஏற்கெனவே வந்தவர்களின் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு மாறினார்கள். செகுண்டாவின் தொழில் உச்சம், சுருங்கத் தொடங்கிய சந்தையில்தான் நிகழ்ந்தது.

இந்தப் பின்னணியோடுதான் 1932ஐப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு புரூக்ளினின் பார்க்வே அரங்கில், ‘வாழலாம், வாழத்தான் விடமாட்டேன் என்கிறார்கள்’ என்ற பொருள்படும் தலைப்புடைய ஒரு நகைச்சுவை இசை நாடகம் மேடையேறியது. இசை செகுண்டாவுடையது, பாட்டுகளை எழுதியவர் ஜேக்கப் ஜேக்கப்ஸ். அதில் ஆரோன் லெபெடெஃபும் லூசி லெவினும் சேர்ந்து பாடிய காதல் பாட்டுதான் ‘பை மிர் பிஸ்து ஷெய்ன்’. என் கண்ணுக்கு நீ அழகுதான் என்று காதலியிடம் சொல்லும் பாட்டு அது. நாடகம் ஒரு பருவத்தோடு நின்றுபோனாலும் பாட்டு யூத மக்களிடையே நின்றது. திருமணங்களில் வாசித்தார்கள், கேட்ஸ்கில் மலைப்பகுதியின் யூத விடுதிகளில் பாடினார்கள். செகுண்டா அதை ஹாலிவுட்டுக்குக் கொண்டுபோய் எட்டி கேன்டர் என்ற பெரும் நட்சத்திரத்திடம் காட்டினார் என்றும், யூத வாசனை தூக்கலாக இருக்கிறது என்று கேன்டர் ஒதுக்கிவிட்டார் என்றும் சொல்லப்படுகிறது. அதன் பிறகுதான் புரூக்ளினைச் சேர்ந்த கேமன் சகோதரர்களின் இசைப் பதிப்பகத்துக்கு 30 டாலருக்கு உரிமையை விற்றார். அந்தப் பணத்தையும் ஜேக்கப்ஸுடன் பகிர்ந்துகொண்டார்.

அந்த விலையை இன்றைய கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு முன் நின்றுபோன நாடகத்தின் பாட்டு அது. அதை வாங்கியவர்கள் கல்யாண வீடுகளில் வாசிக்கும் வாத்தியக்காரர்களுக்கும், வீட்டில் பியானோ வைத்திருந்த குடும்பங்களுக்கும் அச்சிட்ட இசைத்தாள் விற்றுப் பிழைத்த சிறு பதிப்பகத்தார். யித்திஷ் பாட்டை ஒரேயடியாக விற்றுவிடுவதுதான் அன்றைய நடைமுறை. தவணை தவணையாக ராயல்டி வரும் அளவுக்கு அந்தச் சந்தை பெரிதல்ல. செகுண்டா தம் பாட்டின் மதிப்பை அறியாமல் விற்கவில்லை. தாம் அறிந்த சந்தையின் மதிப்புக்கு விற்றார். வேறொரு சந்தை அதன்மேல் கண்வைத்திருந்தது அவருக்குத் தெரியவில்லை.

அந்த இன்னொரு சந்தைக்குப் பாட்டைக் கொண்டுபோனவர் சாமி கான் என்ற ஆங்கிலப் பாடலாசிரியர். ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில் ஜானி, ஜார்ஜ் என்ற இரண்டு கறுப்பினக் கலைஞர்கள் இந்தப் பாட்டை யித்திஷிலேயே பாடியதையும், மொழி புரியாத கூட்டம் மெய்ம்மறந்து ஆடியதையும் அவர் 1937இல் கண்டார். கேட்ஸ்கில் விடுதி ஒன்றில் பாடப் போனபோது அவர்கள் இதைக் கற்றதாக அந்த விடுதி உரிமையாளர் பின்னர் சொன்னார். கான் தம் கூட்டாளியான சால் சாப்ளினுடன் சேர்ந்து ஆங்கில வரிகள் எழுதினார். தலைப்பை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். எழுத்துக்கூட்டலை ஜெர்மன் மொழிபோல மாற்றினார்கள். மினியாபொலிஸிலிருந்து வந்து இன்னும் பெயரெடுக்காதிருந்த ஆண்ட்ரூஸ் சகோதரிகள் மூவர், 1937 நவம்பர் 24 அன்று டெக்கா நிறுவனத்துக்காக அதைப் பாடிப் பதிவுசெய்தார்கள்.

அந்த இசைத்தட்டைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். பத்து அங்குலத் தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்று, பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் இடம். மற்ற நிறுவனங்கள் கூடுதல் விலைக்கு விற்றபோது டெக்கா தன் தட்டுகளை 35 சென்டுக்கு விற்றது. முதல் பக்கம் என்று நிறுவனம் நம்பி வெளியிட்டது வேறொரு பாட்டு. செகுண்டாவின் பாட்டு மறுபக்கத்தில் இருந்தது. அந்த முதல் பக்கப் பாட்டுக்கு மெட்டுப் போட்டவர், சில மாதங்களுக்கு முன்பே, 1937 ஜூலையில், 38 வயதில் காலமாகிவிட்ட ஜார்ஜ் கெர்ஷ்வின். சேர்ந்து வேலைசெய்ய மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் ஒரே தட்டின் இரு பக்கங்களில் வந்து சேர்ந்தார்கள். மக்கள் திருப்பிப் போட்டுக் கேட்டது செகுண்டாவின் பக்கத்தை. 1938 தொடக்கத்தில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற பாட்டு அதுதான்.

இந்தப் பதிவில் செகுண்டா எங்கே இருக்கிறார் என்று கேட்டால், மெட்டின் எலும்புக்கூட்டில் இருக்கிறார் என்றுதான் சொல்ல வேண்டும். பல்லவி மைனர் ஸ்கேலில் அமைந்தது. எட்டு எட்டுத் தாள அளவுகளாக நான்கு பகுதி. முதல், இரண்டு, நான்காம் பகுதிகளில் ஒரே மெட்டு, மூன்றாம் பகுதியில் மட்டும் மாற்று மெட்டு. இது அன்றைய அமெரிக்க நடனப் பாட்டின் வார்ப்பும்கூட. ஸ்விங் என்ற ஜாஸ் நடன இசையை வாசித்த குழுக்கள் இதை எளிதாக எடுத்துக்கொண்டதற்கு இந்த வடிவ ஒற்றுமை பெரிதும் உதவியது. செகுண்டா யித்திஷ் மேடையில் பணியாற்றினாலும், அமெரிக்கக் காதுக்கு எழுதத் தெரிந்தவர் என்பதற்கு இதுவே சான்று. ஆனால் பல்லவிக்கு முன்னே வரும் பகுதியின் வரிகளைக் கானும் சாப்ளினும் புதிதாக எழுதினார்கள். தாள நடை மாறியது. மூவர் குரலின் ஒத்திசைவை விக் ஷோன் என்ற இசைக்கோப்பாளர் அமைத்தார். நாடகத்தில் ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிர் நின்று பாடியது, மூன்று பெண்கள் ஒரே மூச்சில் பாடும் பாட்டாகிவிட்டது.

இதைவிட எனக்குப் பிடித்தது பென்னி குட்மேன் குழுவின் பதிவு. குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்து ஸ்விங் இசையின் தலைமை இடத்துக்கு வந்தவர் குட்மேன். 1937 டிசம்பரில் அவர் விக்டர் நிறுவனத்துக்காகத் தட்டின் இரு பக்கமும் நிறைய இதைப் பதிவுசெய்தபோது, நடுவில் ஜிகி எல்மேன் தம் டிரம்பெட்டில் யூதத் திருமண நடன மெட்டு ஒன்றை எடுத்து வாசித்தார். ஆங்கில வரிகளும் ஸ்விங் நடையும் மூடி மறைத்திருந்த பிறந்த வீடு, அந்தச் சில நொடிகளில் வெளியே தெரிகிறது. 1938 ஜனவரி 16 அன்று கார்னகி அரங்கில் நடந்த புகழ்பெற்ற கச்சேரியிலும் மார்த்தா டில்டன் பாட, எல்மேன் வாசித்தார். அந்தக் கச்சேரியின் பதிவு 1950இல் நீள்தட்டாக (எல்.பி.) வந்தது. செகுண்டாவின் பாட்டு எந்த மண்ணிலிருந்து வந்தது என்று அறிய விரும்புகிறவர் ஆண்ட்ரூஸ் சகோதரிகளை விட்டுவிட்டு முதலில் இதைக் கேட்பது நல்லது.

பாட்டு கடல் கடந்தும் போனது. நாஜி ஜெர்மனியில்கூட, எழுதியவர்கள் யூதர்கள் என்று தெரியவரும்வரை அது விரும்பிக் கேட்கப்பட்டது. சோவியத் ஒன்றியத்தில் லெனின்கிராட் மாணவர் ஒருவர் அதே மெட்டுக்குக் கேப் டவுன் துறைமுகத்து மாலுமிகளைப் பற்றிய ரஷ்ய வரிகளை எழுதினார். போர்க்காலத்தில் லியோனிட் உத்யோசவ் அதே மெட்டில் ஜெர்மானியப் படையைக் கிண்டல் செய்து பாடினார். இவை எதிலும் செகுண்டாவின் பெயர் இல்லை. நியூயார்க்கிலேயே டபிள்யூ.எச்.என். வானொலி நிலையம் 1938இல் யித்திஷ் பாட்டுகளை ஸ்விங் நடையில் வழங்கும் நிகழ்ச்சியைத் தொடங்கி 1955 வரை நடத்தியது. பாரி சகோதரிகள் அதில்தான் புகழ்பெற்றார்கள். ஒரு பாட்டின் வெற்றி ஒரு பாணியையே உண்டாக்கிவிட்டது.

பணக் கணக்கு இங்கே கொஞ்சம் விளக்கம் கேட்கிறது. 1909ஆம் ஆண்டின் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டு இசைத்தட்டில் ஏறினால் தட்டு ஒன்றுக்கு 2 சென்ட் உரிமைத் தொகை. பத்து லட்சம் தட்டு விற்றால் 20,000 டாலர். அதில் வழக்கமாகப் பாதி பதிப்பகத்துக்கு, மீதி மெட்டும் வரியும் எழுதியவர்களுக்கு. இசைத்தாள் விற்பனையும், வானொலியிலும் அரங்கிலும் பாடப்படும்போது வரும் தொகையும் தனி. உரிமையை முழுதாக விற்றுவிட்டவருக்கு இவற்றில் எதிலும் பாத்தியதை கிடையாது. ஆனால் அதே சட்டத்தில் எழுத்தாளருக்குச் சாதகமான ஒரு பிரிவும் இருந்தது. உரிமைக்காலம் முதலில் 28 ஆண்டு. அது முடிந்ததும் புதுப்பிக்கும் உரிமை எழுதியவருக்கே திரும்பும். இளமையில் நெருக்கடியில் விற்றவருக்கு இரண்டாவது வாய்ப்புத் தருவதே அதன் நோக்கம். செகுண்டாவுக்கும் ஜேக்கப்ஸுக்கும் அந்த வாய்ப்பு 1961இல் வந்தது. ஹார்ம்ஸ் பதிப்பகத்துடன் புது ஒப்பந்தம் செய்து, அதன் பிறகு முறையான ராயல்டி பெற்றார்கள். 30 டாலர் கதையைச் சொல்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சட்டம் திருப்பிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். பாட்டு உச்சத்தில் இருந்த ஆண்டுகளின் வருமானம் திரும்பவில்லை என்பதையும் சேர்த்துத்தான்.

1937க்குப் பிறகு செகுண்டா இன்னொரு வெற்றிப் பாட்டைத் துரத்திக்கொண்டு ஓடவில்லை. மாரிஸ் ஷ்வார்ட்ஸ் நடத்திய யித்திஷ் கலை அரங்கத்தில் தீவிர நாடகங்களுக்குப் பின்னணி இசை எழுதினார். ஷ்வார்ட்ஸ் 1939இல் எடுத்த ‘தெவ்யெ’ திரைப்படத்துக்கும் இசை அவர்தான். லாங் ஐலண்டின் பண்ணை நிலங்களை உக்ரைன் கிராமமாக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்த அந்தக் கோடைக்காலத்தின் முடிவில்தான் ஐரோப்பாவில் போர் வெடித்தது. 1991இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்க்கப்பட்ட இந்தப் படத்தை, செகுண்டாவின் ஒலிப்பதிவு என்ற கணக்கிலும் பார்க்க வேண்டும். வசனத்துக்கு அடியில் இசை எப்படி நுழைகிறது, எங்கே ஒதுங்கி நிற்கிறது, தொழுகைப் பாட்டின் சாயலை எந்த இடத்தில் கொண்டுவருகிறது என்பதெல்லாம் மூன்று நிமிடத் தட்டில் கேட்கக் கிடைக்காதவை. அவருடைய நாடக இசையின் கைப்பக்குவத்துக்கு மிக அருகில் நம்மைக் கொண்டுபோவது இந்தப் படம்தான்.

அவருடைய இரண்டாவது உலகப் புகழ் பாட்டும் அதே அரங்கில் பிறந்தது. ஆரோன் ஸைட்லின் எழுதிய ‘எஸ்தெர்கே’ நாடகத்துக்காக 1940ஐ ஒட்டி அவர் மெட்டுப் போட்டது ‘தனா தனா’. வண்டியில் கட்டுண்டு சந்தைக்குப் போகும் கன்றுக்குட்டி, மேலே தன் விருப்பப்படி பறக்கும் குருவி, வயலில் சிரிக்கும் காற்று என்று எளிய காட்சிகளால் ஆனது அந்தப் பாட்டு. இது நாஜிகளின் மரண முகாமில் எழுதப்பட்டது என்று பலர் நம்புகிறார்கள். வார்சாவில் இருந்த வேறொரு கவிஞரின் பெயரை அதற்குச் சூட்டுவோரும் உண்டு. இரண்டும் சரியல்ல. ஸைட்லின் தம் நாடகத்தை மேடையேற்றும் பொருட்டு 1939இல் நியூயார்க்குக்கு வந்தவர். போர் மூண்டதால் திரும்ப முடியாமல் அங்கேயே தங்கிவிட்டார். வார்சாவில் விட்டுவந்த குடும்பம் முழுவதும் கொல்லப்பட்டது. சிந்தனையாளரான அவருடைய தந்தை ஹில்லெல் ஸைட்லின் 1942இல் உயிரிழந்தார். பாட்டு அந்தப் படுகொலைக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பின்னால் வந்த வரலாறு அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. கேட்கிறவர்கள் அந்த வரலாற்றையும் சேர்த்துக் கேட்பதில் குற்றம் காண முடியாது. ஆனால் நாள் எது, ஆள் யார் என்பதைச் சரியாக வைத்துக்கொள்வது எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் நாம் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

இந்தப் பாட்டை உலகம் அறிந்தது 1956இல் ஆர்தர் கெவெஸும் டெடி ஷ்வார்ட்ஸும் செய்த ஆங்கில வடிவத்தை அமெரிக்க நாட்டுப்பாட்டுப் பாடகி ஜோன் பாயெஸ் தம் 1960ஆம் ஆண்டு முதல் நீள்தட்டில் பாடியபோதுதான். 1965இல் டோனவன் என்ற பாடகரும் பாடினார். ஜப்பானில் அது பள்ளிப்பிள்ளைகள் பாடும் பாட்டாகவே ஆகிவிட்டது. பாயெஸின் பதிவில் ஒரு குரல், ஒரு கிட்டார். செகுண்டா எழுதிய மூலமோ வேறு. வயலின் முதல் டிரம்போன் வரை ஒரு சிறிய வாத்தியக் குழுவுக்கும் இரண்டு குரல்களுக்கும் எழுதப்பட்டது அது. ஒரு குரலை மற்றது துரத்திவரும் பகுதிகளும், இரண்டும் இணைந்தே நகரும் பகுதிகளும், மூன்றாம் குரல் வந்து சேரும் இடங்களும் அதில் இருந்தன. பாட்டு பல்லவியிலிருந்தே தொடங்கியது. இன்று நாம் கேட்கும் வடிவம் அதைச் சுருக்கி, வரிசை மாற்றி, ஒற்றைக் குரலாக்கியது. பாயெஸின் பதிவு அழகானது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அந்த எளிய வடிவத்தால்தான் பலர் இதை ஆசிரியர் பெயர் அறியாத நாட்டுப்பாட்டு என்று நினைத்துவிட்டார்கள். கிட்டாரோடு ஒருவர் பாடினால் நாட்டுப்பாட்டு என்று கொள்ளும் பழக்கம் அந்தக் காலத்துக் கேட்போரிடம் இருந்தது. இசைக்கல்லூரியில் படித்து, குரல்களைப் பின்னி எழுதிய ஓர் இசையமைப்பாளர் அதற்குப் பின்னால் இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செகுண்டா தம் கையால் செதுக்கிய ஒலிப்பதிவுகள் வேறு இடத்தில் இருக்கின்றன. புரூக்ளினில் பிறந்து கஸானாக வளர்ந்து, 1945இல் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா மேடையேறி, அதன் முதன்மை டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர்களில் ஒருவரான ரிச்சர்ட் டக்கருக்கு அவர் நெடுங்காலம் வழிபாட்டு இசை எழுதினார். புரூக்ளின் யூத மையத்தில் தொடங்கிய அந்த உறவு, கேட்ஸ்கில் மலைப்பகுதியின் கான்கார்ட் விடுதியில் பண்டிகைக் கால வழிபாடுகளில் பல ஆண்டுகள் தொடர்ந்தது. அங்கே இசை இயக்குநர் செகுண்டா. கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘கொல் நித்ரெ’ வழிபாட்டு நீள்தட்டில் டக்கர் பாட, செகுண்டா நடத்துகிறார். பாஸ்கா பண்டிகைச் சடங்குக்கும் அதேபோல ஒரு தட்டு வந்தது. கஸானின் குரல் தாளக்கட்டு இல்லாமல் தனியே ஏறி நிற்கும்போது பாடகர் குழு எவ்வளவு காத்திருக்கிறது, எந்தச் சொல்லில் வந்து தாங்குகிறது என்பதைக் கவனித்தால், பின்பாட்டுச் சிறுவனாக அவர் கற்ற பாடம் அறுபது வயதுக்குமேல் எப்படிப் பழுத்திருக்கிறது என்று புரியும். இங்கே மெட்டு, குரல் அமைப்பு, வேகம், இடைவெளி எல்லாமே அவர் தீர்மானித்தவை. பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதியவர், நான்கு தந்திக் கருவிகள் சேர்ந்து வாசிக்கும் இசை எழுதியவர், 1967இல் நாஜிகள் கொன்ற அறுபது லட்சம் யூதர்களின் நினைவாக ‘யிஸ்கோர்’ என்ற பெரும் இசைப்படைப்பைத் தந்தவர் ஆகிய செகுண்டாக்களும் இந்தத் தட்டுகளை ஒட்டியே நிற்கிறார்கள். 1974 ஜூனில் அவர் நியூயார்க்கில் காலமானார்.

அப்படியானால் நாடக மேடையின் செகுண்டாவைக் கேட்க வழி உண்டா? முழு இசை நாடகம் எதுவும் அன்று பதிவாகவில்லை. தட்டு நிறுவனங்களுக்கு வேண்டியது நட்சத்திரம் பாடிய ஒன்றிரண்டு பாட்டுகள்தான். வாத்தியக் குழுவையும் செலவு கருதிக் குறைத்துவிடுவார்கள். வானொலி நிலையங்கள் நேரடி நிகழ்ச்சிகளை அலுமினியத் தட்டுகளில் பதிந்து வைத்ததுண்டு. போர்க்காலத்தில் உலோகத் தேவைக்காக அவற்றில் பல உருக்கப்பட்டன. எஞ்சியவற்றை யித்திஷ் இசை ஆய்வாளர் ஹென்றி சபோஸ்னிக் 1980களிலிருந்து தேடிச் சேர்த்தார். பழைய வணிகத் தட்டுகள் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் ஃப்ரீட்மேன் சேகரிப்பிலும் ஃபுளோரிடா அட்லாண்டிக் பல்கலைக்கழகத்தின் ஒலிக்காப்பகத்திலும் பாதுகாக்கப்படுகின்றன. அமெரிக்க யூத இசைக்காக 1990இல் தொடங்கப்பட்ட மில்கென் காப்பகம், யித்திஷ் மேடைப் பாட்டுகளை முழு வாத்தியக் குழுவோடு புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டு வருகிறது. செகுண்டாவின் பாட்டுகளும் அவற்றில் உண்டு. இவை புதுப் பதிவுகள் என்றாலும், 78 சுற்றுத் தட்டின் மூன்று நிமிடக் கெடுபிடி இல்லாததால் பாட்டின் முழு நீளமும் கிடைக்கிறது.

முழு நாடகத்தையே மீட்க முடியும் என்பதற்கும் முன்மாதிரி இருக்கிறது. ரும்ஷின்ஸ்கியின் 1923ஆம் ஆண்டு நாடகமான ‘தி கோல்தெனெ கலெ’யை, சிதறிக் கிடந்த கைப்பிரதிகளிலிருந்து மைக்கேல் ஓக்ஸ் என்ற இசை அறிஞர் தொகுத்து முடித்தார், தேசிய யித்திஷ் அரங்கமான ஃபோக்ஸ்பீனெ அதை 2015இல் நியூயார்க்கில் மேடையேற்றியது. வாத்தியவாரியாகப் பிரித்தெழுதிய தாள்கள், வசனப் பிரதி, யித்திஷ் உச்சரிப்பு தெரிந்த பாடகர்கள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடினால்தான் இந்த வேலை நடக்கும். பார்க்வே அரங்கின் 1932ஆம் ஆண்டு நாடகத்துக்கும் அப்படியொரு முயற்சி நடந்தால், உலகம் ஸ்விங் நடையில் மட்டும் அறிந்த அந்தக் காதல் பாட்டுக்கு முன்னும் பின்னும் என்ன பாட்டுகள் இருந்தன, செகுண்டா அவற்றை எந்த வரிசையில் கட்டினார் என்பதைக் கேட்க முடியும்.